தப்பினாலும் தாங்கும் தரை

காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து 12 வயதுச் சிறுமி ஒருத்தி அண்மையில் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வந்தாள். இடக்கை மணிக்கட்டின் மாவுக்கட்டைப் பிரித்து ஒரு வாரமே ஆகியிருந்தது. கைப்பேசியில் கண்ட ஜிம்னாஸ்டிக்ஸ் காணொளி ஒன்றைப் பின்பற்றி, தெருவோரக் கைப்பிடிச் சுவரின் மேல் இரு கைகளையும் ஊன்றி, கால்களை உதைத்து எழுப்பித் தலைகீழாக நிற்க முயன்றிருக்கிறாள். ஒரு விநாடி நின்றதாகச் சொன்னாள். அடுத்த விநாடி சுவரின் மறுபக்கம் விழுந்திருக்கிறாள்.

அன்று அந்த அறையில் மூன்று குரல்கள் ஒலித்தன. "இனிமே இவ கையத் தரையில ஊனவே கூடாதுன்னு சொல்லிட்டேன் மேடம்" என்றார் தாய். "கரணம் தப்பினா மரணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றார் உடன் வந்த ஆயா. தாயும் ஆயாவும் மருந்து வாங்கச் சென்ற வேளையில் சிறுமி எங்களிடம் தணிந்த குரலில் கேட்டாள்: "அக்கா, மறுபடியும் எப்ப நிக்கலாம்?"

தாயின் அச்சம் நியாயமானது. ஆயாவின் பழமொழியும் பொருளற்றதன்று. ஆயினும் நாங்கள் அந்தச் சிறுமியின் பக்கமே நிற்கிறோம். அவள் மீண்டும் கையூன்றி நிற்கலாம். நிற்க வேண்டும் என்றுகூடச் சொல்வோம். ஆனால் தப்பினால் தாங்கும் தரை முதலில் அமைய வேண்டும். உயரம் அதற்குப் பிறகுதான். விளையாடும் பிள்ளைகளுக்கு நாங்கள் கூறும் இவ்விதி, எங்கள் மருத்துவமனையில் மீண்டும் எழுந்து நடக்கப் பழகும் ஒவ்வொருவருக்கும் உரியது. அதனாலேயே இதனை இவ்விதழில் எழுதுகிறோம்.

அவள் கண்ட காட்சி

சிறுமி அந்தக் காணொளியை எங்களுக்கும் காட்டினாள். மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸின் நான்கு கருவிகளுள் ஒன்றான பேலன்ஸ் பீம் அதில் இருந்தது. 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம்: இவை போட்டிக்கான பீமின் அளவுகள். வளர்ந்தவர் ஒருவரின் உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றே கூடுதலான அந்தப் பரப்பின் மேல் 90 விநாடிகளுக்குள் தாவலும் சுழலும் கரணமும் செய்து முடிக்க வேண்டும்.

காணொளியில் இருந்த பெண் பீமின் மேல் கால்களை அகல விரித்து நின்றாள். குனிந்து இரு கைகளையும் ஊன்றினாள். தோள்களை விரல்நுனிகளுக்கும் முன்னே மெல்லச் சாய்த்தாள். இடுப்பு உயர்ந்தது, பாதங்கள் எடை இழந்தன, துள்ளலும் உதையும் இன்றிக் கால்கள் தரைவிட்டு எழுவதுபோல் எழுந்து, பக்கவாட்டில் விரிந்து, மேலே சென்று ஒன்றுசேர்ந்தன. இதற்குப் பிரஸ் ஹேண்ட்ஸ்டாண்ட் என்று பெயர்.

நம் சிறுமி செய்தது வேறு. அவள் கால்களை உதைத்து எழும்பினாள். உதையின் வேகம் எவ்வளவு இருக்கும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. குறைந்தால் கால்கள் திரும்பி வந்துவிடும். கூடினால் உடல் மறுபக்கம் சாயும். சமதரையில் மெத்தையின் மேல் அப்படிச் சாய்ந்தால் தீங்கில்லை. சுவரின் மேல் சாய்ந்ததுதான் அவள் மணிக்கட்டை முறித்தது.

பிரஸ் முறையில் வேகம் என்பதே கிடையாது. உடலின் எடைமையம் தொடக்கம் முதல் முடிவு வரை கைகளின் மேலேயே இருக்க வேண்டும். இடுப்பு பின்னே கனக்கும்போது தோள்கள் முன்னே சாய்ந்து அதற்கு ஈடு செய்கின்றன. இடுப்பு மேலே வந்ததும் தோள்கள் மணிக்கட்டுக்கு நேராகத் திரும்புகின்றன. நிற்கும்போது கால்விரல்கள் செய்யும் வேலையை அப்போது கைவிரல்கள் செய்கின்றன. உடல் முன்னே சாய்ந்தால் விரல்நுனிகள் அழுந்தித் தடுக்கும்; பின்னே சாய்ந்தால் உள்ளங்கையின் அடிப்பகுதி தாங்கும். ஒவ்வொரு கணத்திலும் நிறுத்திக்கொள்ளவும் திரும்பி இறங்கவும் வழி இருக்கிறது. வலிமை மிகுதியாக வேண்டும் என்பதால் இது கடினம். ஆனால் இயக்கம் முழுவதும் செய்பவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

ஏறுவதற்கு முன் இறங்கப் பழகுதல்

பீமின் மேல் இதைச் செய்யும் பெண் அதனைப் பீமின் மேல் கற்றவள் அல்லள். நல்ல பயிற்றுநர் முதலில் தரையில் ஒரு கோடு வரைவார். அந்தக் கோட்டில் கைகளை ஊன்றிப் பழகிய பின்னர் தரையோடு தரையாகக் கிடக்கும் தாழ்ந்த பீம். அதன் பின்னர் சற்றே உயர்ந்த பீம்; இருபுறமும் பீமின் மட்டம் வரை மெத்தைகள் அடுக்கப்பட்டிருக்கும். மெத்தைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில்தான் போட்டியின் உயரம். பீமின் அகலம் எல்லா நிலைகளிலும் 10 சென்டிமீட்டர்தான். மாறுவது விழுந்தால் நேரும் விளைவு மட்டுமே.

பயிற்சிகளின் வரிசையும் கவனிக்கத்தக்கது. கைகளையும் கால்விரல்களையும் ஊன்றிப் பலகைபோல் உடலை நிறுத்தி, தோள்களை முன்னே சாய்த்துப் பழகுவது ஒன்று. கால்களை விரித்து அமர்ந்து, கைகளை முன்னே ஊன்றிக் குதிகால்களை உயர்த்துவது ஒன்று. சுவரில் முதுகைச் சார்த்தி இடுப்பை மேலேற்றுவது மற்றொன்று. இவற்றுள் எங்கள் துறைக்கு மிக அணுக்கமானது, மேலிருந்து மெதுவாக இறங்கும் பயிற்சி. பயிற்றுநர் பிடித்துக்கொள்ள, தலைகீழாக நிற்கும் பிள்ளை கால்களை விரித்து, பாதங்கள் தரையைத் தொடும்வரை தன்னால் இயன்ற அளவு மெல்ல இறங்குவாள். சுமையைத் தூக்கும்போது தாங்குவதைவிட, சுமையை இறக்கும்போது தசை மிகுதியாகத் தாங்கும். ஏற இயலாத பிள்ளைக்கும் இறங்க இயலும். இறங்கி இறங்கியே ஏறும் வலிமை வந்து சேர்கிறது.

மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின்னரோ, நெடுநாள் படுக்கையில் இருந்த பின்னரோ நாற்காலியிலிருந்து எழத் திணறுபவர்களுக்கு நாங்கள் தரும் பயிற்சியும் இதுவே. "எழுந்திருங்கள்" என்று முதல் நாளே வற்புறுத்துவதில்லை. கைதாங்கி நிற்கவைத்து, "மெதுவாக, இன்னும் மெதுவாக உட்காருங்கள்" என்கிறோம். பொத்தென்று அமராமல் ஐந்து எண்ணும் நேரத்தில் அமரக் கற்றவர், சில வாரங்களில் தாமாகவே எழுகிறார். "உக்காரவா டாக்டர் ஃபீஸ் வாங்குறீங்க?" என்று முதியவர் ஒருவர் எங்களைக் கேலி செய்ததுண்டு. அவரே பின்னர் கைப்பிடியைத் தொடாமல் எழுந்து காட்டினார்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

ஜிம்னாஸ்டிக்ஸும் இயன்முறை மருத்துவமும் இப்படி ஒத்திருப்பது தற்செயல் அன்று. சுவீடன் நாட்டில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கல்வி நிலையத்தை நிறுவினார். உடற்பயிற்சியை நோய் நீக்கும் முறையாகவும் அங்கே கற்பித்தனர். இயன்முறை மருத்துவருக்குச் சுவீடனில் வழங்கிய பழைய பெயரின் நேர்ப்பொருளே 'நோயாளிகளின் ஜிம்னாஸ்ட்' என்பதாகும். 2014ஆம் ஆண்டில்தான் அந்தப் பட்டத்தை அந்நாடு மாற்றியது. ஜெர்மனியில் பிரீட்ரிக் லுட்விக் யான் 1811இல் பெர்லின் நகருக்கு வெளியே திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை அமைத்தார். இணைக்கம்பிகள் என்னும் கருவி அவர் வழியாகவே பரவியது.

பக்கவாதத்துக்குப் பின்னரோ கால்முறிவுக்குப் பின்னரோ எங்கள் கூடத்தில் இரு கம்பிகளுக்கு இடையே, இருபுறமும் பிடித்துக்கொண்டு முதல் அடி எடுத்து வைத்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் பிடித்திருந்தது ஜிம்னாஸ்டிக்ஸ் கருவி. கால் தப்பினால் கை தாங்கும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. வீட்டு வாசலில் நடக்கப் பணித்திருந்தால் முதல் அடியையே எடுத்திருக்க மாட்டீர்கள். தாங்க ஏதோ ஒன்று உண்டு என்ற உறுதி, முயல்வதற்கான துணிவைத் தருகிறது.

விழுதலுக்கும் ஒரு விதி

கரணம் தப்பினால் மரணம் என்னும் பழமொழி கழைக்கூத்தாடிகளின் வாழ்விலிருந்து பிறந்தது. கயிற்றின் மேல் ஆடும் பெண்ணைச் சங்கப் பாடல்களிலேயே காண்கிறோம். மூங்கிற்கழையும் கயிறும் நட்டுத் தெருவில் ஆடியவர்களுக்குக் கீழே வலையோ மெத்தையோ இருந்ததில்லை. வயிற்றுப்பாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்த அவர்களுக்குப் பழமொழி சொன்னது உண்மை. அந்த உண்மையை நாம் ஏற்கிறோம். ஆனால் அது அவர்களுடைய வறுமையைக் குறித்த உண்மை. கரணத்தைக் குறித்த உண்மை அன்று.

இன்றைய ஜிம்னாஸ்டிக்ஸ், தப்புதல் நேரும் என்பதை ஒப்புக்கொண்டு அதற்கும் விதி வகுத்திருக்கிறது. பீமிலிருந்து விழுந்தால் 1 புள்ளி குறையும். மீண்டும் ஏற 10 விநாடி தரப்படும். ஏறியவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2024 ஆகஸ்ட் 5 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் பீம் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் விழுந்தார். சுனிசா லீயும் விழுந்தார். இருவரும் எழுந்து ஏறி முடித்தனர். இத்தாலியின் அலிச்சே டமாட்டோ தங்கம் வென்றார். உலகின் தலைசிறந்தவர்களே விழும் கருவி அது.

அதே பைல்ஸ், மூன்றாண்டுகளுக்கு முன் டோக்கியோவில் 2021 ஜூலை 27 அன்று குழுப் போட்டியின் நடுவே விலகினார். காற்றில் சுழலும்போது தம் உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வு அவருக்குத் தவறியிருந்தது. பலர் அவரைக் குறை கூறினர். ஆகஸ்ட் 3 அன்று பீம் இறுதிப் போட்டிக்கு மட்டும் திரும்பி வந்தார். உடலை முறுக்கிச் சுழலும் அசைவு இல்லாத எளிய இறங்குமுறையைத் தேர்ந்தெடுத்தார், வெண்கலம் பெற்றார். தம்மால் அன்று எது இயலும் என்பதை அறிந்து, அந்த அளவில் நின்றதற்காக அவரை நாங்கள் மதிக்கிறோம். நேற்று பத்து அடி நடந்த நோயாளி இன்று நான்கு அடியில் நிறுத்தும்போது "நேத்து நடந்தீங்களே" என்று கடிந்துகொள்ளும் உறவினர்கள் இதனைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

நம் நாட்டின் சான்று திரிபுராவின் தீபா கர்மாகர். அகர்தலாவில் சிறுவயதிலேயே பயிற்சிக்கு வந்தபோது அவருக்குத் தட்டைப் பாதம். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஏற்ற பாதம் அன்று. பயிற்றுநர் விஷ்வேஷ்வர் நந்தி அவரை ஒதுக்கிவிடவில்லை. பாதத்துக்கான பயிற்சிகளை நெடுங்காலம் பொறுமையாகச் செய்வித்தார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையாகப் பங்கேற்று, வால்ட் இறுதியில் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றார். பதக்கம் 0.150 புள்ளியில் தவறியது. அவர் செய்த புரொடுனோவா என்னும் தாவலைச் செய்தித்தாள்கள் 'மரணத் தாவல்' என்றே எழுதின. நம் பழமொழியை ஆங்கிலச் செய்தியாளர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள் போலும். இத்தகைய தாவல்களை நுரைக்கட்டிகள் நிறைந்த குழியிலும் மெத்தைகளிலும் பலமுறை விழுந்து பழகிய பின்னரே கடினத் தரைக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2017இல் முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சின் நகரில் வால்ட் தங்கம் வென்றார். 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியத் தங்கமும் வென்று, அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றார். அறுவை சிகிச்சைக்கும் தங்கத்துக்கும் இடையே ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் இருந்தது. அந்தக் காலத்தின் பெரும்பகுதி, எங்கள் கூடத்தில் நடப்பதைப் போன்ற சின்னஞ்சிறு பயிற்சிகளிலேயே கழிந்திருக்கும்.

வளரும் எலும்பும் வலியும்

பெற்றோர் அறிய வேண்டிய மருத்துவச் செய்தி ஒன்று உண்டு. முன்கையில் இரு எலும்புகள் உள்ளன. அவற்றுள் கட்டைவிரல் பக்கத்து எலும்பின் நீள வளர்ச்சியில் 75 முதல் 80 விழுக்காடு மணிக்கட்டை ஒட்டிய வளர்ச்சித் தட்டிலிருந்தே வருகிறது. வளரும் பருவத்தில் இத்தட்டு எலும்பைவிட மென்மையாக இருக்கும். கைகளில் உடல் எடையைத் தாங்கும் பயிற்சியை ஓய்வின்றித் தொடர்ந்தால் அங்கே அழுத்தக் காயம் ஏற்படலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைகளிடம் இது நன்கு அறியப்பட்ட பாதிப்பு. கையை ஊன்றும்போது மணிக்கட்டின் பின்பக்கம் வலிக்கும், ஓய்வில் குறையும், மீண்டும் ஊன்றினால் திரும்பும். தொடக்கத்திலேயே கண்டு சில வாரங்கள் கையூன்றுவதை நிறுத்தினால் பெரும்பாலும் குணமாகும். புறக்கணித்தால் அந்த எலும்பின் வளர்ச்சி முன்னதாகவே நின்று, மற்ற எலும்பு நீண்டு, மணிக்கட்டு நிரந்தரமாகப் பாதிக்கப்படக்கூடும்.

ஆகவே பிள்ளை "வலிக்குது" என்று சொன்னால், "சோம்பல்" என்றோ "பயம்" என்றோ தீர்ப்பு எழுதாமல் நின்று கேளுங்கள். பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியைப் பற்றிய புகார்களை ஆராய்ந்த ஆன் வைட் அம்மையாரின் அறிக்கை 2022 ஜூனில் வெளியானது. 400க்கும் மேற்பட்டோர் தம் அனுபவங்களை அவரிடம் தெரிவித்திருந்தனர். வலியோடும் காயத்தோடும் பயிற்சியைத் தொடரும்படி பிள்ளைகள் வற்புறுத்தப்பட்டதும், அவர்களின் நலன் பின்னுக்குத் தள்ளப்பட்டதும் அதில் பதிவாகியுள்ளன. மெத்தைகளும் பயிற்றுநர்களும் நிறைந்திருந்த அரங்குகளில் நடந்தவை இவை. தாங்கும் தரை என்று நாங்கள் சொல்வதில், பிள்ளையின் சொல்லை நம்பும் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பதும் அடங்கும்.

"பொறுமையாகப் போனால் வாய்ப்புப் போய்விடும், சின்ன வயதிலேயே சாதிக்க வேண்டாமா?" என்று கேட்போர் உண்டு. ருமேனியாவின் நாடியா கொமனேச்சி 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முழுமையான 10 புள்ளி பெற்றபோது அவருக்கு வயது 14 என்பது மெய். ஆனால் 1997 முதல், அந்த ஆண்டுக்குள் 16 வயது நிறையாதவர்கள் ஒலிம்பிக் மகளிர் போட்டியில் பங்கேற்க இயலாது. பிள்ளைகளின் உடலைக் காக்கவே இந்த மாற்றம். 31 வயதில் ஓய்வு பெற்ற தீபாவும், 27 வயதில் பாரிஸில் மூன்று தங்கம் வென்ற பைல்ஸும் அவசரம் தேவையில்லை என்பதற்குச் சான்றுகள்.

மணலும் சுவரும்

இனி நம் ஊருக்கு வருவோம். ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும். நடுவே துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் குப்பங்களும். இங்கே பிள்ளைகளுக்கு வாய்த்த அரங்கு கடற்கரை மணல்தான். மாலையில் அங்கே பல்டி அடிப்பவர்களைப் பார்த்தால், வியப்பதா அஞ்சுவதா என்று நமக்குத் தோன்றும். "எங்க புள்ளைங்க காலங்காலமா மணல்ல ஆடுதுங்க, என்ன ஆச்சு?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை இது. கையூன்றிப் பழக ஈரமணல் நல்ல இடம். ஆனால் மணலுக்கு அடியில் கல்லோ கண்ணாடியோ கிடக்கலாம்; மணல் ஒரு பக்கம் சரிந்தால் மணிக்கட்டு பிசகும். பின்னோக்கிப் பல்டி அடிக்கையில் தலை முதலில் ஊன்றினால் கழுத்து எலும்பைக் காக்க எந்த மணலாலும் இயலாது. பயிற்றுநர் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

அதற்காகப் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டுவது தீர்வாகாது. தடை போட்ட வீட்டின் பிள்ளை, பெற்றோர் காணாத இடம் தேடிப் போகும். அந்த இடம் பெரும்பாலும் சுவராகவோ மொட்டைமாடியாகவோ இருக்கும். நம் சிறுமியும் அப்படித்தான் சுவருக்குப் போனாள். "வீட்டுல பண்ணா திட்டுவாங்க" என்றாள்.

அவளுடைய தந்தை ஒப்பந்த முறையில் வெல்டிங் வேலை செய்பவர். அடுத்த வாரம் அவரும் வந்திருந்தார். தரைக்கோடு, தாழ்ந்த பீம், மெத்தை என்று நாங்கள் விளக்கிக்கொண்டிருக்கையில் இடைமறித்தார். "எங்களுக்கும் அதாங்க. பெல்ட் மாட்டி, கொக்கிய லைன்ல போட்ட பெறகுதான் மேல ஏறணும். ஏறத் தெரிஞ்சவனுக்கும் அதான் சட்டம்" என்றார். உயரத்தில் வேலை செய்யும் தொழிலாளர்கள் நிறைந்த இந்தப் பகுதியில், எங்கள் கருத்தை எங்களைவிட எளிதாகச் சொல்லிவிட்டார் அவர். பெரியவர்களின் தொழிலுக்கு நாம் ஒப்புக்கொண்ட விதியைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பள்ளி வராந்தாவில் ஒரு சாக்பீஸ் கோடு. சில நல்ல பயிற்சி மெத்தைகள். முறையாகப் பயின்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். விழுப்புரத்தில் மல்லர் கம்பம் தழைத்தது பளிங்குக் கட்டடங்களால் அன்று. மண்ணில் நட்ட ஒரு மரக் கம்பமும் உடனிருந்து கற்பித்த ஆசிரியர்களும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுள்ள ஆலையைக் கடலோரத்தில் எழுப்ப முடிந்த இடம் இது. மெத்தை விரித்த ஒரு கூடத்தை இப்பகுதிப் பிள்ளைகளுக்கு அமைத்துத் தருவது இங்குள்ள நிறுவனங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அரிய செயலாக இராது. கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்களாகிய நீங்கள். கேட்கும்போது பீம் வேண்டும் என்று தொடங்காதீர்கள். மெத்தையும் ஆசிரியரும் வேண்டும் என்று தொடங்குங்கள்.

வீட்டிலும் அதே விதி

நோயாளிகளின் குடும்பத்தினருக்கும் இதில் செய்தி உண்டு. ஒருமுறை விழுந்த முதியவரை "இனி எழுந்திருக்கவே வேண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று கட்டிலில் இருத்திவிடுவது அன்பினால் செய்யப்படுவது. ஆனால் பயன்படாத தசை நாளுக்கு நாள் மெலியும். அடுத்த முறை விழும் வாய்ப்பு மிகும். அதற்கு மாறாகத் தரையைச் சீர்செய்யுங்கள். குளியலறையில் பற்றிக்கொள்ளக் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, இரவில் எரியும் சிறுவிளக்கு, காலில் சிக்கும் மின்கம்பிகளையும் மிதியடிகளையும் அகற்றுதல்: இவையே உங்கள் வீட்டின் மெத்தைகள்.

விழுந்தால் எழும் முறையையும் எங்களிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். கடும் வலியோ அடியோ இல்லையெனில், முதலில் சற்று நேரம் அப்படியே படுத்து மூச்சை நிதானப்படுத்த வேண்டும். பின்னர் ஒருக்களித்துப் புரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, உறுதியான நாற்காலி ஒன்றை அடைந்து, அதன் இருக்கையில் கைகளை வைத்து, வலிமையான காலை முன்வைத்து மெல்ல எழ வேண்டும். இடுப்பிலோ தலையிலோ அடிபட்ட ஐயம் இருந்தால் அசைக்காமல் உதவிக்கு அழையுங்கள். இம்முறையைக் கற்ற பின் பலர் முன்னிலும் துணிவாக நடப்பதை நாங்கள் காண்கிறோம். விழுவோம் என்ற அச்சம் குறைந்தவரின் நடையும் சீராகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் தலைகீழாக நிற்க முயல வேண்டா. உயர் இரத்த அழுத்தம், கண்ணழுத்த நோய், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்பது தீங்கு தரும்.

சிறுமியின் கதைக்குத் திரும்புவோம். மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து இசைவு தந்த பிறகு, ஒரு மென்பந்தைப் பிசைவதிலிருந்து தொடங்கினோம். மணிக்கட்டின் அசைவு திரும்பியதும் சுவரில் கைகளை ஊன்றிச் சாய்ந்தாள்; பின்னர் மேசையில்; பின்னர் தரையில் நான்கு காலில் நின்று எடையை முன்னும் பின்னும் மாற்றினாள். ஒவ்வொரு நாளும் "சுவத்துல எப்ப அக்கா?" என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் "கோடு போதும்" என்றோம்.

சென்ற வாரம் எங்கள் கூடத்தின் தரையில் சாக்பீஸால் கோடு ஒன்றை அவளே வரைந்தாள். கைகளை ஊன்றித் தோள்களை முன்னே சாய்த்தாள். பாதங்கள் இன்னும் தரையில்தான் இருந்தன. குதிகால்கள் மட்டும் உயர்ந்தன. தாய் அவள் இடுப்பருகே கைகளை ஏந்தியவாறு நின்றார். ஆயா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மெதுவாடி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.